இருபத்தேழாம் எண் வில்லை

அந்தக் குடியிருப்பில் நாற்பது வீடுகள். நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு நீச்சல் குளம். அந்தக் குளத்துக்கு ஒரே ஒரு காவலர். அவர் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும் என்பதால் சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் எல்லோருக்கும் அவர் விசிலண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

விசிலண்ணனுக்கு நீச்சல் தெரியாது.

இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த நாற்பது வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. நான்கு வருடத்துக்கு முன்னால் வேலை கேட்டு வந்து நின்றபோது குடியிருப்பின் செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீச்சல் தெரியும்ல?" என்று கேட்டார். ஒரு வருடமாக வேலையில்லாமல் அலைந்த மனிதர் வேறென்ன சொல்வார்? "நல்லாத் தெரியும் சார்" என்றார். செயலாளர் குளத்தில் குதித்துக் காட்டச் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். ஒரு வாய்ச்சொல்தான். அதை நான்கு வருடமாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தார் விசிலண்ணன்.

பிள்ளைகள் சும்மா விடுமா? "அண்ணே, நீங்களும் குதிங்கண்ணே" என்று நச்சரிப்பார்கள். "டூட்டியில இருக்கறப்போ குளிக்கக் கூடாதுடா, ரூல்ஸ்" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அப்படி ஒரு விதி எந்தக் காகிதத்திலும் இல்லை. குளத்தின் அடியைச் சுத்தம் செய்ய நீளக் கம்பு இருந்தது. ஆழம் குறைந்த பக்கத்தில் இடுப்பளவு இறங்கிப் படிக்கட்டைத் தேய்ப்பார். அதற்கு மேல் ஒரு அடி வைத்ததில்லை. உண்மை தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி.

தெரியாததை மறைக்கிறவனுக்குத்தான் கவலை அதிகம். யாராவது மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் வயிற்றில் குடியேறிவிட்டது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் வில்லைப் பலகை. ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டு எண் போட்ட நான்கு பிளாஸ்டிக் வில்லைகள். குளத்துக்குள் நுழைகிறவர் வாசலுக்கு வெளியே இருக்கும் பலகையில் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வரும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும். பலகை காலியானால்தான் வாசலுக்குப் பூட்டு. இந்த ஏற்பாட்டைப் பார்த்து ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். "என்ன பொறுப்பான ஆளுய்யா!" என்று செயலாளர் மேடையிலேயே சொன்னார். விசிலண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு நடந்த கூத்துக்குக் காரணம் படிகாரம். மழைக்குப் பிறகு தண்ணீர் பச்சையடித்துப் போயிருந்தது. படிகாரத் தூளைக் கரைத்து ஊற்றினால் அழுக்கெல்லாம் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அதை மாலையில் குளம் மூடிய பிறகுதான் போட வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். மறுநாள் அடியில் படிந்ததை உறிஞ்சி எடுக்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. முந்தைய நாள் மாலை காய்ச்சலில் அதை மறந்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் எழுந்ததும் திக்கென்றது. சரி, இப்போதே போட்டால் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும், கொஞ்சம் கூடவே போட்டால் இன்னும் சீக்கிரம் தெளியும் என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டு இரண்டு பங்கு போட்டார்.

தண்ணீர் தெளியவில்லை. வெளுத்தது. மதியத்துக்கெல்லாம் குளம் முழுக்கச் சுண்ணாம்பைக் கரைத்து விட்ட மாதிரி ஆகிவிட்டது. முதல் படிக்கட்டு தெரிந்தது, இரண்டாவது படிக்கட்டு தெரியவில்லை.

'குளம் மூடப்பட்டுள்ளது' என்று எழுதிய அட்டை ஒன்று மோட்டார் அறையில் இருந்தது. அதை எடுத்தார். வாசல் வரைக்கும் கொண்டுவந்தார். மாட்டினால் செயலாளர் கேட்பார்: பட்டப்பகலில் ஏன் மூடினாய்? படிகாரத்தை நேற்றே ஏன் போடவில்லை? எவ்வளவு போட்டாய்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு திட்டு. இரண்டு நிமிடம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சாத்தி வைத்துவிட்டார். மூன்று மணிக்குப் பெண்கள்தானே வரப்போகிறார்கள், ஓரமாக நனைந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மூன்றிலிருந்து நான்கு வரை பெண்கள் நேரம். அந்த ஒரு மணி நேரம் விசிலண்ணன் குளத்தின் பக்கமே வரக் கூடாது. உடை மாற்றும் அறைகளுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோட்டார் அறையில் உட்கார்ந்திருப்பார். நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மோட்டாரைப் போடுவார். அதன் உறுமல் சத்தம் கேட்டால் பெண்கள் கரையேறுவார்கள். நான்கு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். நான்கு வருடமாக மணி அடித்த மாதிரி நடந்த வழக்கம்.

அன்றைக்கு மோட்டாரைப் போட முடியாது. போட்டால் திரண்டது எல்லாம் மறுபடி கலங்கும். அறைக்குள் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூன்றரைக்கே எழுந்து, வாசலுக்கு வெளியே பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

பலகையில் மூன்று வில்லைகள் தொங்கின. எட்டு, பத்தொன்பது, இருபத்தேழு.

நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பெண்கள் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். எட்டாம் வீட்டுக்காரியும் பத்தொன்பதாம் வீட்டுக்காரியும். வில்லையை எடுத்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே தண்ணி இப்படி இருக்கு? காலு எங்க இருக்குன்னே தெரியல" என்றாள் எட்டாம் வீட்டுக்காரி.

"மருந்து போட்டிருக்கும்மா. ஒண்ணும் பண்ணாது" என்று பூசி மெழுகினார். "உள்ள இன்னும் யாரும் இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு ஆழத்துப் பக்கம் நீந்திக்கிட்டிருந்துச்சு. நாங்க இந்தக் கோடியில படியில உக்காந்து பேசிட்டிருந்தோம். அப்புறம் பாக்கல."

"அப்புறம் பாக்கலைன்னா?"

"பாக்கலைண்ணே. உடை மாத்தப் போயிருக்கும்."

"யாரும்மா அது?"

"குல்லாயும் கண்ணாடியும் போட்டுக்கிட்டா எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்கோம்? யாருன்னு கண்டேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

விசிலண்ணன் பலகையைப் பார்த்தார். இருபத்தேழு. அந்த வீடு பல் டாக்டரம்மாவுடையது. பதினைந்து நாளுக்கு முன்னால் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார்கள். வர ஒரு மாதம் ஆகும். வீடு பூட்டிக் கிடக்கிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது அவருடைய மனைவியிடம். மனைவி அந்த வீட்டில்தான் மூன்று வருடமாக வீட்டு வேலை பார்க்கிறாள்.

டாக்டரம்மாவுக்குச் சொந்தக்காரர் யாராவது வந்திருக்கலாம். வந்திருந்தால் மனைவி சொல்லியிருப்பாள். அவள் வாயில் எந்தச் சேதி தங்கும்? போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுக்கிறவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

நான்கு மணி ஆயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. வாசலில் நின்றபடியே, "உள்ள யாரும்மா? நேரம் ஆச்சு" என்று குரல் கொடுத்தார். விசிலை ஊதினார். ஊதி முடித்ததும் வந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக ஒரு குழாய்ச் சத்தமாவது கேட்கும், ஒரு கதவாவது சாத்தும். ஒன்றும் இல்லை. வெள்ளைத் தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது.



அந்த நேரம் பார்த்துத்தான் நாலு மணி ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். செயலாளரும் அவருடைய இரண்டு நண்பர்களும். ஒருவருக்கு இதயத்தில் அறுவை நடந்திருந்தது, இன்னொருவர் கழுத்துவரை தண்ணீரில் நின்று அரட்டை அடிப்பதற்கென்றே வருகிறவர். செயலாளர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, தண்ணியா பாலா?"

"படிகாரம் சார். கொஞ்சம் கூடப் போயிருச்சு."

"பகல்லயா போட்ட? அப்புறம் போர்டு ஏன் மாட்டல?"

செயலாளரின் கண் பலகைமேல் போயிற்று. இருபத்தேழைப் பார்த்தார். அவருக்கும் அந்த வீடு பூட்டிக் கிடப்பது தெரியும். திட்ட வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

"யாருய்யா உள்ள?"

"தெரியல சார். கூப்பிட்டேன். சத்தமே இல்ல."

பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவை மூன்று முறை தட்டினார்கள். செயலாளர் தொண்டையைச் செருமி, "யாரும்மா உள்ள? நான் செயலாளர் பேசறேன்" என்று அதட்டினார். பதில் இல்லை. விசிலண்ணன் கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். ஈரத் தரை. காலி பெஞ்சு. மூன்று தடுப்புகளும் திறந்து கிடந்தன. நான்காவது மூடியிருந்தது. அது துடைப்பமும் வாளியும் வைக்கிற இடம், எப்போதும் மூடித்தான் இருக்கும்.

"யாரும் இல்ல சார்" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மூன்று பெரியவர்களும் அவரும் குளத்தின் விளிம்பில் வந்து நின்றார்கள். வில்லை இருக்கிறது, ஆள் இல்லை. அவர் போட்ட திட்டத்தின்படி அப்படியென்றால் ஆள் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். நான்கு வருடமாகக் கனவில் வந்து மிரட்டியது கண்முன்னால் வந்துவிட்டது. அட்டையை மாட்டியிருந்தால் போதுமே. ஒரு ஆணி, ஒரு கயிறு, அவ்வளவுதானே.

நீளக் கம்பை எடுத்து ஆழமான பக்கத்தில் விட்டார். எட்டடி ஆழம். வெள்ளைக்குள் கம்பு ஒரு முழம் போனதுமே மறைந்துவிட்டது. கண் தெரியாதவர் மாதிரி துழாவினார். தரை தட்டியது. சுவர் தட்டியது. மறுபடி தரை. கம்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார்.

மெத்தென்று ஏதோ தட்டியது.

தள்ளினால் நகர்ந்தது. கம்பை எடுத்ததும் பழையபடி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

"சார்" என்றார்.

"என்னய்யா? என்ன இருக்கு?"

"துணி மாதிரி... மெத்துன்னு..."

இதய அறுவை செய்துகொண்டவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அரட்டைக்காரர் ஆம்புலன்சைக் கூப்பிடப் போனைத் தடவினார், எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினார். செயலாளர் விசிலண்ணனின் முதுகைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கத்தினார்.

"கம்பை வெச்சுக்கிட்டு என்னய்யா பண்ற? குதி! நீ நீச்சல்காரன்தானே? குதிச்சுத் தூக்குய்யா!"

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். விசிலண்ணன் தண்ணீரைப் பார்த்தார். கால் விரல்கள் விளிம்பின் சிமெண்டைக் கவ்விப் பிடித்தன. குதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அடியில் ஒரு உயிர் கிடக்கிறது, ஒவ்வொரு நொடியும் அது போய்க்கொண்டிருக்கிறது என்றும் தெரியும். உடம்பு கேட்கவில்லை. இங்கே குதித்தால் இரண்டு பிணம் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று நிதானமாகக் கணக்குச் சொன்னது. அந்த நிதானத்தை நினைத்துத்தான் பிறகு பல நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மிதவை... மிதவை எடுத்துட்டு வரேன் சார்" என்று வாசலை நோக்கி ஓடினார். ஓடினார் என்பதைவிடத் தப்பித்தார் என்பதுதான் சரி. மிதவை வளையம் வாசல் தூணில் மாட்டியிருந்தது. அதைக் கழற்றும்போது கண் தாழ்ந்து செருப்பு வைக்கிற தட்டின்மேல் விழுந்தது.

பெரியவர்களின் மூன்று ஜோடிகள் மேல் தட்டில். கீழ்த் தட்டில், ஒரு மூலையில், சுவரோரமாக ஒளித்து வைத்த மாதிரி ஒரு ஜோடி பெண் செருப்பு. வலது கால் செருப்பின் வார் அறுந்து, நீல நைலான் நூலால் தைத்திருந்தது. குளத்தில் இலை அள்ளுகிற வலையிலிருந்து உருவிய நூல். தைத்தது அவர்தான். போன வாரம், "புதுசு வாங்கித் தர்றதுக்குள்ள இதுக்கு ஆயுசு முடிஞ்சிரும்" என்று அவள் கேலி பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார்.

இருபத்தேழாம் வீட்டுச் சாவி. எடுக்காத போன். வில்லை. ஆழத்துப் பக்கம் ஒரு பொண்ணு. அப்புறம் பாக்கல.

"அய்யோ!" என்று ஒரு சத்தம் போட்டார். மிதவை கையிலிருந்து விழுந்து உருண்டது. அவள் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டே ஓடி வந்தவர் விளிம்பில் நிற்கவில்லை. செயலாளரை இடித்துத் தள்ளிவிட்டு, சட்டையும் பேண்டுமாக அந்த வெள்ளைக்குள் பாய்ந்தார்.

உள்ளே மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் வெள்ளை, மூடினால் கருப்பு. வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் துவர்ப்பும் காரமுமாகத் தண்ணீர் ஏறியது. கையைக் கையை வீசித் துழாவினார். காலில் துணி சிக்கியது. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. குனிந்து அதை இரண்டு கையாலும் அள்ளினார். துணி மட்டும்தான் வந்தது, உள்ளே உடம்பு இல்லை. உடம்பு எங்கே? அவள் எங்கே? கத்த வாயைத் திறந்தார், இருந்த மூச்சும் குமிழியாகப் போயிற்று. கால் தரையைத் தேடியது. தரை இல்லை. இவ்வளவுதான், அவளையும் விட்டோம், நாமும் போனோம் என்று தோன்றியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவருடைய சட்டைக் காலரைப் பிடித்தது.

குளிர்ந்த கை. அடியில் கிடந்தவளின் கைதான் அது, துணைக்குக் கூப்பிடுகிறது என்று நினைத்தார். திமிறினார், உதைத்தார். அந்தக் கை விடவில்லை. இன்னொரு கை கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டது. தண்ணீருக்குள்ளும் வலித்தது. செத்தவர்கள் இப்படி அறைய மாட்டார்கள் என்று எப்படியோ புரிந்துபோய் உடம்பைத் தளர விட்டார். தலை வெளிச்சத்துக்கு வந்தது. காற்று வந்தது. யாரோ முதுகுப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் செயலாளர் அக்குளில் கையைக் கொடுத்து மேலே தூக்கினார்.

விளிம்பில் குப்புறக் கிடந்து குடித்ததையெல்லாம் கக்கினார். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் கருநீல நீச்சல் உடையில், குல்லாய் கழன்று, முடியெல்லாம் முகத்தில் ஒட்ட, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள் அவர் மனைவி. டாக்டரம்மாவின் பழைய நீச்சல் உடை. கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

"உயிரோட இருக்கியா?" என்றார். கேள்வி அசட்டுத்தனமானதுதான். அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"துடைப்பம் வைக்கிற இடத்துல ஒளிஞ்சுக்கிட்டு நின்னேங்க" என்றாள். குரல் உடைந்தது. "எப்பவும் மோட்டார் சத்தம் கேட்டா நீங்க அறைக்குள்ள இருக்கீங்கன்னு தெரியும், வெளிய போயிருவேன். இன்னிக்குச் சத்தமே கேக்கல. எட்டிப் பாத்தா வாசல்ல உக்காந்திருக்கீங்க. வேலைக்காரி குளத்துல இறங்கினான்னு தெரிஞ்சா உங்க வேலை போயிருமேன்னு... சாரோட குரல் வேற கேட்டுச்சு. போயிருவீங்க, போயிருவீங்கன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் என் பேரச் சொல்லிக் கத்தினீங்க. தொபுக்குன்னு சத்தம். நான் என்னத்த ஒளிய?"

"உனக்கு எப்படி நீச்சல்..."

"டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்க. மூணு மாசமாச்சு. ஊருக்குப் போறப்போ வில்லையக் குடுத்து, பழக்கத்த விட்டுறாதேன்னாங்க." அவள் பெரியவர்களைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்துச் சொன்னாள். "நான்தான் கேட்டுக் கத்துக்கிட்டேன். நீச்சல் தெரியாத மனுசன் தினமும் தண்ணிப் பக்கத்துல போய் நிக்கறாரு. காலையில நீங்க கிளம்பிப் போனதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உயிர் எங்கிட்ட இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தெரியணுமில்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

குளத்தின் நடுவில் விசிலண்ணன் விட்டுவிட்டு வந்த துணி மேலே வந்து மிதந்தது. யாரோ எப்போதோ தவறவிட்ட ஒரு பெரிய குளியல் துண்டு.

"நீச்சல் தெரியாதா உனக்கு?" என்று செயலாளர் கேட்டார். அதட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது சார்."

"நாலு வருஷமா?"

"நாலு வருஷமாத் தெரியாது சார்."

"அப்போ... கம்பை வெச்சுக்கிட்டு நின்ன பாரு. நான் குதி குதின்னு கத்தறேன், நீ நிக்கற. அது..."

விசிலண்ணன் மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பும் இல்லை. "இவதான்னு தெரியற வரைக்கும் எனக்குக் காலு வரல சார்" என்றார். "வேற யாரோ பெத்த பொண்ணுன்னு நெனச்சேன். நின்னுட்டேன்."

செயலாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வேர்த்திருந்தது. வாசல் பக்கம் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். அவருடைய பேத்திக்கு ஏழு வயது. தினமும் ஐந்து மணிக்குக் கையில் மிதவைச் சட்டையோடு வருவாள். அவளை வாசலில் விட்டுவிட்டு அவர் நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார். விசிலண்ணன் இருக்கும்போது என்ன கவலை என்று வீட்டில் மருமகளுக்குத் தைரியம் சொல்வதும் அவர்தான்.

"தினமும் உன்னை நம்பித்தானேய்யா விட்டுட்டுப் போறேன்" என்றார். சண்டைக்காக அல்ல. பயந்துபோன கிழவரின் குரல் அது. அதைக் கேட்டதும் விசிலண்ணனுக்குத் தண்ணீருக்குள் இருந்ததைவிட அதிகமாக மூச்சு முட்டியது.

அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போய் இருபத்தேழாம் எண் வில்லையைப் பலகையிலிருந்து எடுத்தாள். பலகை காலியாயிற்று.

விசிலண்ணன் எழுந்தார். ஈரம் சொட்டச் சொட்ட மோட்டார் அறைக்குப் போய், மதியம் சாத்தி வைத்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். வாசல் ஆணியில் மாட்டப் பார்த்தார். கயிறு ஆணியில் விழவே இல்லை. மூன்று முறை தவறியது.

தெருமுனையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஐந்து மணி ஆகவில்லை, பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டிருக்க வேண்டும். முன்னால் ஓடி வந்தது செயலாளரின் பேத்திதான். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இப்போதே மாட்டியிருந்தாள். கையில் பன்னிரண்டாம் எண் வில்லை.

"விசிலண்ணே, கதவத் திறங்க! ஏன் நனைஞ்சிருக்கீங்க? நீங்களும் குதிச்சீங்களா?"

அவர் கதவின் இரண்டு பக்கமும் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னிக்குக் கிடையாது கண்ணு."

"அஞ்சே அஞ்சு நிமிசம்ண்ணே. நீங்கதான் பாத்துக்கறீங்கல்ல?"

பின்னாலிருந்து செயலாளர் வந்தார். அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, ஆணியில் மாட்டினார். பிறகு பேத்தியின் கையை வலிக்கிற அளவுக்கு இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மற்ற இருவரும் அவர் பின்னால் போனார்கள்.

விசிலண்ணன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, காலியான பலகையில் ஒன்றாம் எண் கொக்கியில் மாட்டினார். வாசலைப் பூட்டினார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.